மக்காச்சோளம் காய்ந்த மைதானம்

போன வாரம் பஸ் பெரம்பலூரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது. சர்வீஸ் ரோட்டில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். வெயில் ஏறிய சோளத்துக்கு மாவும் தூசியும் கலந்த ஒரு வாசனை உண்டு. பக்கத்து சீட்டுக்காரர் தும்மினார். எனக்கோ ஃபுட்பால் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எங்கள் கல்லூரி மைதானத்துக்கு அப்போது காம்பவுண்டு கிடையாது. அறுவடை முடிந்ததும் பக்கத்துக் காட்டு மலர்க்கொடி அக்கா கார்னர் கொடி வரைக்கும் சோளத்தைப் பரப்பிவிடுவார். பந்து உள்ளே போனால் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். "மிதிச்சீங்கன்னா பந்து கெடையாது" என்பார். தரையோ கரிசல்; மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. கோல்கீப்பர் நான். அந்த சீசன் எப்படிப் போனது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் பிரின்சிபால் கூப்பிட்டார். "ஒரு மேட்ச்சாவது செயிங்கப்பா. இல்லன்னா அடுத்த வருசம் டீமே கெடையாது." மிச்சம் இருந்தது அரியலூர்க்காரர்களோடு ஒரே மேட்ச், எங்கள் மைதானத்தில்.

அன்று என்ன மாயமோ, எங்கள் கேப்டன் துரை ஒரு கோல் போட்டுவிட்டான். ஆண்டிமடத்து முந்திரிக் காடுகளில் ஓடிப் பழகிய கால்கள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வானம் கறுத்தது. பொங்கல் கழிந்து மழையை யார் எதிர்பார்த்தார்கள்? சடசடவென்று பிடித்துக்கொண்டது. மலர்க்கொடி அக்கா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தபடி தனியாக நின்றார்.

"அய்யோ, எல்லாம் மொளச்சுப் போயிடுமே!"

துரை காலில் இருந்த பந்தை விட்டுவிட்டு ஓடினான். "டேய், வாங்கடா!" அவன் பின்னால் நாங்கள் எல்லோரும், கோலைக் காலியாக விட்டுவிட்டு நானும். ரெஃப்ரி விசில் ஊதவில்லை. அரியலூர் பையன் ஒருவன் பந்தை நிதானமாக உருட்டிக்கொண்டு போய்க் கோலுக்குள் தள்ளினான். அதற்கப்புறம்தான் விசில். ஒன்றுக்கு ஒன்று, மேட்ச் டிரா.

அந்தப் பையனும் ஓடிவந்து என் பக்கத்தில் தார்ப்பாயைப் பிடித்தான். முறைத்தேன். "கோல் கோல்தாங்க. நல்லா இழுங்க, காத்து தூக்குது" என்றான். வந்த கோபம் சோளத்தை மூடி முடிப்பதற்குள் எங்கேயோ போய்விட்டது. யார் எந்த டீம் என்றே தெரியாமல் எல்லோரும் சேறாக நின்றோம். இப்போது நினைத்தாலும் அது கனவு மாதிரிதான் வருகிறது. யார் குரலும் கேட்பதில்லை, தார்ப்பாய்மேல் மழை விழுவது மட்டும்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "யாரு தம்பி செயிச்சது?"

துரை யோசிக்கவே இல்லை. "நாமதான்க்கா."

அரியலூர் பையன் எங்களைப் பார்த்தான். பிறகு குனிந்து தார்ப்பாய் முனையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தான்.

பிரின்சிபால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறு வருடம் டீம் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. மைதானத்தைச் சுற்றிச் சுவர் வந்துவிட்டது. சோளமும் உள்ளே போக முடியாது. பஸ் ஸ்டாண்டில் எப்போது பார்த்தாலும் அக்கா டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "அரியலூரையே செயிச்ச பசங்க இவங்க" என்பார். நான் கூச்சப்படாமல் தலையாட்டுவேன். போன வருடம் அக்காவும் காலமாகிவிட்டார். நாங்கள் ஜெயித்தோம் என்று சொல்ல இப்போது ஊரில் யாரும் இல்லை.