ஏழு நாள் வயலின்

போட்டோகொப்பி இயந்திரம் சூடாகிற மூன்று நிமிடத்துக்குள் சர்மிளா ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிவிடுவாள். மற்றக் காது வாடிக்கையாளருக்கு. கணினித் திரையின் பாதியில் யாரோ ஒருவரின் காணி விண்ணப்பம் கிடக்கும். மீதியில் ஐந்து கோடுகளும் அவற்றில் தொங்கும் இசைக்குறிகளும். கடுகண்ணாவையில் பனி இறங்கிய காலைகளில், தெருவே கண்ணுக்குத் தெரியாதபோது, அவளுக்கு மட்டும் ஒரு வயலின் கேட்டுக்கொண்டிருக்கும்.

கண்டியில் படித்த காலத்தில் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் டிரம் அடித்தவள். இப்போது நாற்பத்திரண்டு வயதில் இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு புல்லாங்குழல் என்று வாத்தியப் பாட்டுகளாக எழுதித் தள்ளுகிறாள். மனிதர் எவரும் அதை வாசித்ததில்லை. இலவச மென்பொருள்தான் வாசிக்கும். "வயலினா அது? போத்தலுக்குள்ள மாட்டிக்கிட்டு ரீங்காரம் போடுற நுளம்பு" என்று அவளே சிரிப்பாள். சத்தம்தான் மட்டமா, தன் பாட்டே மட்டமா என்பது ஏழு வருடமாக அவளுக்குத் தெரியாது. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

போன வாரம் இணையத்தில், அந்த மென்பொருளில் போட, நிஜ வாத்தியங்களை வாசித்துப் பதிந்த நல்ல சத்தங்கள் கிடைத்தன. ஏழு நாள் சும்மா பாவிக்கலாம், பிறகு காசு. போட்டுக் கேட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வில் நரம்பைத் தொடும் உரசல்கூடக் கேட்டது. குழல், பள்ளத்தாக்கிலிருந்து மெல்ல ஏறி வந்தது. அன்று மூன்று அடையாள அட்டைகளைத் தலைகீழாகப் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

இன்று நான்கு மணியோடு அது முடிகிறது. வாங்கினால், ஒழுகும் கூரைக்குத் தகரம் அடுத்த வருடம்தான்.

பக்கத்து ஹாட்வெயார் கடை ஸமீம் நானா ஒரு காலத்தில் குழல் ஊதியவர். அவர் காதில் ஹெட்போனை வைத்தாள். கண்ணை மூடிக் கேட்டார்.

"மாஷா அல்லாஹ்! தாள்ல அடிச்சுத் தாங்க, ஊதிப் பாப்பம்."

கடைக்குப் போய்க் குழலோடு வந்தார். மூன்று வரி போனதும் முகம் சிவந்து நிறுத்திவிட்டார்.

"மூச்சு எடுக்கிறது எங்க, தங்கச்சி? ஒரு எடமும் வைக்கல்லயே."

"கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே கேட்டுச்சு நானா!"

"அதுக்கு நெஞ்சா இருக்கு? பாட்டு நல்லம். ஊதத்தான் ஏலாது."

அவர் போய்விட்டார். அந்த மூன்று வரியும், பிசிறும் எச்சில் சத்தமுமாக, அவள் காதை விட்டுப் போகவில்லை. ஒரு மனிதர் தன் பாட்டை ஊதியிருக்கிறார்! சர்மிளாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டியது.

அச்சுத்தாளை மேசையில் விரித்து, பென்சிலைக் கையில் பிடித்து, குழலின் பகுதியை முதலிலிருந்து முனகத் தொடங்கினாள், தன் மூச்சு எங்கே தீர்கிறதென்று பார்க்க. இரண்டாம் வரியில் இருக்கும்போது திரையில் ஒரு பெட்டி குதித்தது: காலம் முடிந்தது, வாங்குகிறீர்களா? அவள் நிமிரவில்லை. முனகலை விடாமல், அவசரப்படும் வாடிக்கையாளரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வது போல, திரைக்கு நேராக ஒரு கையை உயர்த்தினாள்.