கறுப்புக் கோழியின் கால்கட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொதட்டூர்பேட்டையிலிருந்து பாவா வந்திருந்தார். என் அக்கா வீட்டுக்காரர். அக்கா செத்துப்போன பிறகு தறியில் உட்கார்வதோடு சரி... எங்கேயும் போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. நான் சண்டை போட்டு வரவழைத்திருந்தேன். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து கொல்லையில் ஒரே கூச்சல்! கறுப்புக் கோழியைத் தெருநாய் கவ்விவிட்டது. விரட்டிப் பிடுங்கினேன். ஒரு கால் ஒடிந்து தொங்கியது.

"குழம்பு வெச்சுடேன். உங்க பாவா வேற வந்துக்கிறாரு" என்றார் என் வீட்டுக்காரர், டிரான்சிஸ்டரைத் திருகியபடி. இந்த ஆம்பளைகளுக்கு மூளை வயிற்றில்தான் இருக்குமா?

நான் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். என் கோழிகளின் ஆஸ்பத்திரியே அதுதான் — பஞ்சு, மஞ்சள்தூள், வேட்டி கிழித்த துணி, தண்ணீர் புகட்ட இங்க் ஃபில்லர், ஊதா மருந்து. ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும், அதற்குத்தான் ஊதா. எல்லாம் இருந்தது. கோழியைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"குடு பாப்பா, நான் புடிச்சிக்கிறேன்."

பாவாதான்! நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து அவருக்கு 'பாப்பா'. நான் மருந்து தடவும்வரை பிடித்துக்கொண்டார். பிறகு கோழியை என் கையில் கொடுத்துவிட்டு, மூங்கில் சிம்பு சீவி, காலின் இரண்டு பக்கமும் வைத்துத் துணியைச் சுற்றினார்.

"இன்னாண்ணா, கோழிக்குப் புத்தூர் கட்டா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். பாவா காதிலேயே வாங்கவில்லை.

"ஒண்ணும் இல்ல கண்ணு... ஆயிடும்... ஆயிடும்" — கோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது கேட்டார்: "அடுத்த ஞாயித்துக்கிழம வரட்டா? கட்டு மாத்தணுமே."

வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். துக்கத்தில் இருப்பவரிடம் ஆறுதல் சொல்லிச் சொல்லி நாம் ஏன் வாயை நோகடித்துக்கொள்கிறோம்? கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் போதாதா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே... கோழி இப்போது நன்றாகவே நடக்கிறது. ஆனால் கட்டு போனால் பாவாவும் வராமல் போய்விடுவாரோ? பயம்! அதனால் வாரமெல்லாம் கட்டில்லாமல் மேயவிட்டு, ஞாயிறு காலை பஸ் வருவதற்குள் அதைத் துரத்திப் பிடித்து மறுபடி கட்டிவிடுகிறேன். கோழிக்கு என்மேல் ஏகக் கடுப்பு.

போன வாரம் பாவா கட்டை அவிழ்த்தார். காலை நீவிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். வசமாக மாட்டிக்கொண்டேன்!

"இன்னும் கொஞ்ச நாள் கட்டு இருக்கட்டும் பாப்பா" என்றார், புதுத் துணியைக் கிழித்தபடி.