மட்டையைப் போட்டுவிட்டு ஓடு

போன வாரம் லோதி ரோடு சிக்னலில் டாக்சி சட்டென்று நின்று பின்னுக்குக் குலுங்கியபோது, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு வந்து என் கணுக்காலில் இடித்தது. குனிந்து எடுத்தால் பேஸ்பால் மட்டை. கைப்பிடியில் கறுப்பு ரப்பர் சுற்றிய அலுமினிய மட்டை. டெல்லியில் இது அதிசயமில்லை. சீட் கவர், வாசனை டப்பாவோடு இதையும் கார்ச் சாமான் கடையில் விற்கிறார்கள். எவனாவது வண்டியை உரசினால் இறங்கிப்போய் நியாயம் கேட்பதற்கு. எனக்குத்தான் மூக்கு சும்மா இருக்காது. முகர்ந்து பார்த்தேன்.

"பையா, இதுக்குப் பந்து எங்கே?" என்று இந்தியில், அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

கண்ணாடியில் என்னை ஒருமாதிரி பார்த்தான். "பந்தா? பந்தை வச்சு என்ன சார் பண்றது?"

நியாயமான கேள்வி. பந்தை வைத்து என்ன செய்வதென்று இந்த நகரத்தில் ஒரு காலத்தில் எங்களில் சிலருக்குத் தெரிந்திருந்தது. ஓரளவுக்கு.

அந்த ரப்பர் வாடைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசி. கிளார்க் வேலைக்கு வந்து, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் ஒன்றில் அறையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தேன். என் செக்ஷனில் சீனியர் குருமூர்த்தி சார், திருநெல்வேலிக்காரர். அவர் ஊர்க்காரர் ஒருவர் சாணக்யபுரியில் வெளிநாட்டுக்காரர் வீட்டில் சமையல் செய்தார். அந்தத் துரை மாற்றலாகிப் போகும்போது நாயையும் பியானோவையும் கொண்டுபோனவர், இந்த மரப்பெட்டியை மட்டும் சமையல்காரரிடம் விட்டுப்போனார். அது ஆட்டோவில் குருமூர்த்தி சார் வீட்டுக்கு வந்து இறங்கியது. திறந்ததும் நாஃப்தலினும் பழைய தோலும் கலந்த வாசனை. மட்டைகள், பந்துகள், விதிப் புத்தகம், பிறகு தோல் கையுறைகள். எல்லாம் இடது கைக்கு மட்டும்.

"ஒத்தைக் கைக்குத்தான் இருக்கு. மத்ததை எவன் அமுக்கினான்?" என்று சமையல்காரரைச் சந்தேகப்பட்டார் சார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு பொங்கலுக்குக்கூட வரவில்லை. விதிப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் ஒரு கைக்குத்தான் உறை என்று தெரிந்தது. சார் பஸ் ஏறிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அப்படிப்பட்டவர்.

இரண்டு குளிர்காலம் நடந்தது எங்கள் லீக். சரோஜினி நகர், லோதி ரோடு, ஆர்.கே.புரம் என்று மூன்று அணிகள். நாலாவதாக, சாக்கடைக் கால்வாயை ஒட்டிய குடிசைப் பகுதித் தமிழ்ப் பையன்களைச் சேர்க்க வேண்டும் என்றார் சார். லோதி ரோடு அணித் தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அவங்க வீட்டுப் பொம்பளைங்க நம்ம வீட்ல பாத்திரம் தேய்க்கிறவங்க சார்."

"அதான் சொல்லுதேன். உம்ம வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கதை விட இந்தப் பந்தைப் பிடிக்கது லேசு வே," என்றார் சார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பனிமூட்டம் விலகும்வரை வேர்க்கடலை உடைத்துக்கொண்டு காத்திருப்போம். குரங்குக் குல்லாய் போட்ட அசிஸ்டென்டுகளும் அப்பர் டிவிஷன் கிளார்க்குகளும், தோலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்த கையுறையோடு. கிரிக்கெட் ஆடும் பஞ்சாபிப் பையன்கள் வேலியில் சாய்ந்துகொண்டு, "அங்கிள், இது என்ன, மதராசி கில்லி-தண்டாவா?" என்பார்கள். ஓடிப்போய்த் தொட வேண்டிய பேஸ்களுக்கு மண் அடைத்த கோணிச் சாக்குகள். நாலாவது சாக்கைத் தொட்டால் ரன். என்னை மைதானத்தின் வலது ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கம் பந்து வராது. வந்தாலும் என் கையில் நிற்காது. இரண்டு வருஷம் அங்கே நின்று நான் பார்த்ததெல்லாம் வேப்பமரங்களும் விமானங்களும்தான்.

எங்களில் ஒருத்தனுக்கு மட்டும்தான் நிஜமாகவே ஆட்டம் வந்தது: குடிசைப் பகுதியின் செல்வராஜ். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். கட்டட வேலையில் கீழிருந்து செங்கல் வீச, மாடியில் நின்று பிடிப்பான். செங்கல் பிடித்த கைக்குப் பந்து பஞ்சுப் பொதி. கையுறையை வேண்டாமென்று சொல்லிவிட்டான். "இதப் போட்டா பந்து எங்க இருக்குன்னே தெரிய மாட்டேங்குது சார்."

ஆனால் அவனுக்கும் எங்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி. தெருக் கிரிக்கெட்டில் வளர்ந்த கைகள். கிரிக்கெட்டில் மட்டையும் கூடவே ஓடிவரும், கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டையை நீட்டி ஊன்றினால் பிழைத்தோம். இதிலோ அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓட வேண்டும், எதிரணி பந்தால் நம்மைத் தொடுமுன் உடம்புதான் சாக்கைத் தொட வேண்டும். அடித்தவன் ஒவ்வொருவனும் மட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுவான். "மட்டையைப் போடுலே, மட்டையைப் போடு," என்று நடுவராக நிற்கும் சார் பின்னாலேயே கத்துவார். அறுபதை நெருங்கும் மனிதர் தன் மேலதிகாரியைப் பார்த்தும் "போடுலே" என்று கத்தியதில் எங்களுக்கெல்லாம் தனி சந்தோஷம்.

இரண்டாவது குளிர்காலத்தில் கால்வாய்க் குடிசைகளை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. அதே சமயம், ஓர் அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பேஸ்பால் ஆட்களை எடுக்கப்போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. சார் அங்கே நடையாய் நடந்து, இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஓர் அதிகாரியைச் சம்மதிக்க வைத்தார். செல்வராஜுக்கு வேலை கிடைத்தால் என்றைக்காவது குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அவன் அம்மா எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார்.

"கதவு வச்ச ரூமு ஒண்ணு குடுத்தாப் போதும் சார்," என்றார் ஒருநாள், ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி. "ராத்திரி நாய் உள்ள வராம இருக்கணும், அவ்ளோதான்."

இறுதி ஆட்டம் எங்கள் சரோஜினி நகருக்கும் குடிசைப் பகுதிக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்கள் அணியிலேயே பாதிப் பேர் அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆடினோம். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றில் சமநிலை. செல்வராஜ் அடித்தான். பந்து இடது மூலை வேலிப் புதருக்குள் போய் விழுந்தது. எனக்கு வேலையில்லை, நின்று பார்த்தேன். அவன் ஓடுகிறான். முதல் சாக்கு, இரண்டாவது சாக்கு. கையில் மட்டை. "போடுலே" என்று சார் கத்துகிறார். குடிசைப் பகுதியே கூடி நின்று கூச்சலிடும்போது யார் காதில் விழும்? மூன்றாவது சாக்கு. புதரிலிருந்து பந்து கிளம்பிவிட்டது. நாலாவது சாக்குக்கு ஓர் எட்டு முன்னால் செல்வராஜ் மட்டையை நீட்டி அழகாகச் சாக்கின்மேல் ஊன்றினான். ஊன்றிவிட்டு, ரன் முடிந்தது என்று நின்று, திரும்பிப் பந்தைப் பார்த்தான். நாலாவது சாக்கருகே நிற்கும் எங்கள் கேட்சர் பந்தை வாங்கி, பழக்க தோஷத்தில் அவன் தோளில் தொட்டுவிட்டார்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அதிகாரியும் தட்டினார். அந்தக் கணத்தில் விதி நினைவிலிருந்தவர் ஒரே ஒருவர்தான்.

"அவுட்டு," என்றார் குருமூர்த்தி சார். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரல். பிறகு கையைத் தூக்கி, இன்னொரு முறை சொன்னார்.

சமநிலையை முறிக்கக் கூடுதலாக ஆடிய சுற்றில் அவர்கள் தோற்றார்கள். அதிகாரி ஆரஞ்சுத் தோலைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பார்ப்போம், அச்சா?" என்றபடி காரில் ஏறினார். செல்வராஜ் கடைசிச் சாக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். "ஒரு எட்டு சார். ஒரே ஒரு எட்டு வச்சிருந்தா," என்று அவன் சொல்ல, சார் அவனருகே மண்ணில் உட்கார்ந்தார்.

திரும்பி நடக்கும்போது நான் கேட்டேன், "யாருக்கும் தெரிஞ்சிருக்காதே சார்?"

"எனக்குத் தெரியுமேவே," என்றார்.

அந்த அலுவலகத்தில் பேஸ்பால் அணியே அமையவில்லை. வெயில் காலத்தில்தான் விசாரித்து அறிந்தோம்: அந்த இடங்களுக்கு அனுமதியே வந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அது அன்றைக்கே தெரியும். செல்வராஜ் சாக்கைத் தொட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. அதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று சார் துடித்தார். அதற்குள் கால்வாய் ஓரத்தில் செங்கல் துண்டுகளும் ஒரு நாயும்தான் இருந்தன. லாரியில் ஏற்றி நகரத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். எந்த விளிம்பு என்று கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். ரிட்டயர் ஆகும்வரை விடுமுறை நாட்களில் சார் ஒவ்வொரு திசையாகப் பஸ் ஏறிப் போய்வந்தார். சில முறை நானும் போனேன். அப்புறம் எனக்குக் கல்யாணம், குழந்தை.

மூன்றாவது குளிர்காலத்தில் யாரும் மைதானத்துக்கு வரவில்லை. கலைக்கிறோம் என்று சொல்லக்கூட ஒருவரும் கூடவில்லை. இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை, வேப்பமரங்கள் இல்லை. மைதானம் கார் நிறுத்துவதற்கான பெரும்பள்ளம். குருமூர்த்தி சாரும் இல்லை. ஒரு கையுறை என்னிடம் மிஞ்சியது. சூடான குக்கரைத் தூக்க மனைவி அதைக் கொஞ்ச காலம் வைத்திருந்தாள். பிறகு அதையும் காணோம். எங்கேயோ இந்த டெல்லியிலேயே செல்வராஜ் இருப்பான், தலையில் நரை விழுந்து. ஓர் எட்டில் ஒரு கதவு போய்விட்டது என்று இன்னமும் நினைத்துக்கொண்டு.

பச்சை விழுந்து டாக்சி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் எங்கள் கதவை லேசாக உரசிவிட்டது. டிரைவர் வண்டியை நிறுத்தி, பின்னால் கை நீட்டி என் மடியிலிருந்த மட்டையை எடுத்தான்.

"மட்டையைப் போடுலே," என்றேன். தமிழில். அதுவும் என் தமிழில் இல்லை, சாருடைய தமிழில்.

"என்ன சொன்னீங்க?" என்றான் இந்தியில்.

அதற்குள் ஸ்கூட்டர்காரன் போய்விட்டான். ஒன்றுமில்லை என்றேன். நான் இறங்கும்வரை டிரைவர் மட்டையைத் தன் மடியிலேயே வைத்திருந்தான்.