கரண்ட் ஓடாத கம்பி

மின்சாரச் சாமான் கடை வேலையில் ஒரு வசதி உண்டு: விளக்கு எரிந்தால் பெருமை வீட்டுக்காரருக்கு, எரியாவிட்டால் திட்டு நமக்கு, யாருக்கு எது என்ற குழப்பமே வராது. கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மதராசில் இரண்டு வருஷம் காலேஜில் பௌதிகம் படித்துவிட்டு, கப்பலேறி எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பியவள் நான். கடை முதலாளி என்னை வேலைக்கு எடுத்தது பௌதிகத்துக்காக அல்ல. ஆண்கள் இல்லாத நேரத்தில் எங்கள் வயர்மேன் அந்தோணி அண்ணன் போய்க் கூப்பிட்டால் பெண்கள் கதவைத் திறப்பதில்லை; முன்னால் ஒரு பெண் நின்றால் திறப்பார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கப்படும் எனக்கு, வீடு வீடாகப் போய்ப் பேசும் உத்தியோகம் அமைந்தது இப்படித்தான்.

செடிக்கு வெளிச்சம்

அந்த வருஷம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குச் செடிப் பித்துப் பிடித்திருந்தது. மின்சார வெளிச்சம் காட்டினால் குளிர்நாட்டுப் பூச்செடியும் வீட்டுக்குள்ளேயே பூக்கும் என்று ஏதோ சீமைப் பத்திரிகையில் வந்ததாம். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில், ஜன்னலை இழுத்து மூடிவிட்டு விளக்குப் போட்டார்கள்.

கிள்ளான் ஊர் அரிசி வியாபாரி பொன்னையாவுக்குக் கிளப் மலர்க் கண்காட்சியில் கோப்பை வாங்கியாக வேண்டும். பின்கட்டு அறையில் ஓர் இரும்புச் சட்டம். மேலே தகர மூடி போட்ட ஆறு விளக்கு, கீழே தண்ணீர் நிற்கும் தகரத் தட்டில் பூந்தொட்டிகள். தண்ணீரும் இரும்பும் சேர்ந்த இடத்தில் எர்த் கம்பி கட்டாயம் வேண்டும் என்றேன். வயரின் தோல் நைந்து கரண்ட் சட்டத்துக்கு வந்துவிட்டால் அதை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போவது அந்தக் கம்பிதான். அது இல்லாவிட்டால் தொடுகிற ஆள் வழியாகப் போகும் என்றும் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை பொன்னையா அந்தோணி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, போனால் போகிறது என்று சம்மதித்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்: “கரண்டே ஓடாத கம்பிக்குச் செம்பு கேக்குது இந்தப் பொண்ணு. நல்லா படிக்க வெச்சிருக்காங்க!”

மூன்றாவது கால்

பொன்னையா ஒருவர்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு தலைமைக் குமாஸ்தா. செடி விளக்குக்கென்று மூன்று கால் பிளக் வாங்கிப் போனவர், மறுநாள் இரண்டு கால் பிளக்கோடு வந்து, லூசாக இருக்கிறது என்றார். வீட்டுச் சுவரில் இரண்டு ஓட்டைதான் இருந்ததாம். அதிகப்படியான காலை ரம்பத்தால் அறுத்துவிட்டார். அறுத்த காலைக் காகிதத்தில் மடித்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

அதுதான் உயிரைக் காக்கும் கால் என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவர் பதில் சொல்ல ஒரு நொடி போதும்: “மனுஷனே ரெண்டு கால்ல நிக்கிறான், உங்க பிளக்கு நிக்காதா?”

கொடிக்கம்பி

இரண்டு மாதம் கழித்துப் பொன்னையா வீட்டில் விளக்கு மினுங்குகிறது என்று தகவல் வந்தது. ரயிலேறிப் போனோம். அவர் கடையில் இருந்தார். வீட்டில் அவர் மனைவியும் மருமகள் கமலமும். கமலத்துக்கு ஐந்து மாசம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் பொறுப்பு.

மாமியார் நகர்ந்ததும் கமலம் என் காதருகே வந்தாள். “அக்கா, மூணு வாரமா அந்தத் தட்டத் தொட்டாலே கை சுர்ருங்குது. சொன்னா யாரும் நம்பல.”

அந்தோணி அண்ணன் சோதனை விளக்கின் ஒரு முனையைச் சட்டத்திலும் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தார். பல்பு சிவந்து எரிந்தது. நான் கொல்லைப்புறம் ஓடினேன். எர்த்துக்காக நாங்கள் மண்ணில் அடித்த குழாய் இருந்தது. அதிலிருந்து சட்டத்துக்குப் போன செம்புக் கம்பியைக் காணோம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டு, பொன்னையாவின் நான்கு வேட்டிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, எறும்பு ஏறாமலிருக்கச் சட்டத்தின் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய பீங்கான் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்கள். கரண்ட் மண்ணுக்குப் போக அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே வழி, வெறுங்காலோடு நிற்கும் கமலம்.

அண்ணன் மெயினை அணைத்தார். கம்பியைத் திரும்பக் கட்டாமல் போடக்கூடாது என்று மாமியாரிடம் சொன்னேன். வீட்டுக்காரர் இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்று அவர் வழியை மறித்துக்கொண்டார். போகிற போக்கில் கமலத்துக்கு மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் காட்டி, “போட்டுட்டாங்கன்னா இத இறக்காம கிட்ட போகாதே” என்றேன். அதையும் மாமியார் கேட்டுவிட்டார்.

“செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாத்தான் இவளுக்குக் கை சுர்ருங்கும். சாப்பாட்டுத் தட்டத் தொட்டா ஒண்ணும் செய்யாது!”

கையெழுத்து இல்லாத கடிதம்

கடைக்கு வந்ததும் பொன்னையாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘உங்கள் மருமகளின் உயிருக்கு ஆபத்து, விளக்கைப் போடாதீர்கள்’ என்று இரண்டே வரி. முதலாளி படித்தார், பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போடாமலே மூடி வைத்தார். பொன்னையா நாலு பெரிய வீட்டுக்கு எங்களைச் சிபாரிசு செய்கிறவர்.

“கண்காட்சி முடியட்டும். நீ பேசினா காதுலயே விழாது, எழுதினா மட்டும் ஊரே எந்திரிச்சிரும் போல.”

கடிதத்தை என் பெயரிலேயே தபாலில் போட்டேன். பதில் இல்லை.

கோப்பைக்கு முதல் நாள்

கண்காட்சிக்கு முதல் நாள் காலை, ஒரு பல்பு அணைந்துவிட்டது என்று பொன்னையாவே ஆள் அனுப்பினார். நாங்கள் போனபோது கிளப் காரியதரிசியும் இரண்டு நண்பர்களும் செடி அறை வாசலில் நின்றார்கள். எல்லோரும் செருப்பை வெளியே விட்டிருந்தார்கள். உள்ளே ஈரச் சிமெண்டுத் தரை. ஐந்து விளக்கும் ஜெகஜோதியாக எரிந்தன.

“ஐயா, தொடாதீங்க” என்றேன். வழக்கம்போல் யாருக்கும் கேட்கவில்லை. பொன்னையா பூவைக் காட்டுவதற்காக இரும்புச் சட்டத்தைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. வாய் கோணி, உடம்பு வெடவெடவென்று ஆடியது. நண்பர் ஒருவர் இழுக்கக் கை நீட்டினார். என் தொண்டையிலிருந்து எனக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது: “யாரும் தொடாதீங்க! கமலம், மெயின்!”

நடைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த கமலம் கைப்பிடியை இறக்கினாள். அறை இருண்டது. பொன்னையா தொப்பென்று எருக்கூடையில் உட்கார்ந்தார்.

மூச்சு வந்ததும் முதல் வார்த்தை: “அந்தோணி! என்னடா வயரிங் இது? ஆள கொல்லப் பாத்தியா? இப்பவே எர்த் கம்பி கட்டு!”

கதவுக்குப் பின்னாலிருந்து கமலத்தின் குரல் கேட்டது. “நான் அப்பவே சொன்னேனே மாமா.” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தோணி அண்ணன் கொல்லைக்குப் போய் வேட்டிகளை எடுத்து மாமியார் கையில் கொடுத்துவிட்டுக் கம்பியை அவிழ்த்தார். அந்த அம்மாள் என்னிடம் கவலையோடு கேட்டார்: “அப்ப துணி காயப்போட வேற கம்பி குடுப்பீங்களாம்மா?”

மருமகள் கையில் வாரக்கணக்கில் சோம்பலாக இருந்தது, மாமனார் கைக்கு வந்த அன்றுதான் மின்சாரமாயிற்று.