ஏழாம் கிடங்கு வாசல் மணல்

என் அண்ணன் காவல் காக்கும் ராணுவக் கிடங்கில் இப்போது காக்க ஒன்றுமில்லை. முன்பு அங்கே குண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். சுற்றிலும் சிப்பாய்கள், நாய்கள், கோபுரத்தில் விளக்கு. அந்த நாளில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அண்ணன். ராணுவம் காலி செய்தபின் இடம் ஒரு கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அண்ணனை மட்டும் விட்டுவைத்தது. விற்கும்வரை யாரும் உள்ளே புகுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். வேலையோடு ஒரு வீடும் கொடுத்தார்கள். அதில் அண்ணன், அண்ணி, நான்.

சிப்பாய்களிடம் கற்ற ஒரு பழக்கத்தை அண்ணன் விடவே இல்லை. பொழுது சாயும்போது ஒவ்வொரு கிடங்கு வாசலிலும் மணலைத் துடைப்பத்தால் சமன் செய்வார். காலையில் குனிந்து பார்ப்பார். பூனை நடந்தாலும் தெரிந்துவிடும். யாரையும் நம்பமாட்டார். பால்காரரின் செருப்பைக்கூடத் திருப்பிப் பார்த்தவர்.

ஒரு காலை, ஏழாம் கிடங்கு வாசலில் பூட்ஸ் தடம். பூட்டு உடையவில்லை. தடம் கண்டால் முதலில் மேலிடத்துக்குச் சொல், யோசனையெல்லாம் பிறகு என்பது சிப்பாய்கள் காலத்துச் சட்டம். அண்ணன் போன் செய்தார். கம்பெனி அதிகாரி வந்து தடத்தைப் பார்த்தார், அண்ணனின் காலைப் பார்த்தார். குதிகாலில் அதே லாடம்.

"உன் பூட்ஸ்தானேய்யா இது? உள்ள போனதும் நீ, போன் பண்ணதும் நீயா?"

"பெருக்கினதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல சார்."

"அப்ப பூட்ஸ் தானா நடந்து வந்துச்சா? சாவியக் குடு. வீட்டையும் காலி பண்ணு."

அண்ணன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். என் பக்கத்தில் நின்ற அண்ணி முன்னால் போனார்.

"பூட்ஸ் அவருதுதான் சார். கால் என்னுது."

"என்னம்மா சொல்ற?"

"நேத்து மணல் பெருக்கிட்டு வந்து அவர் குளிக்கப் போனப்ப சாவிய எடுத்துட்டுப் போனேன். புல்லுல பாம்பு இருக்குமேன்னு பூட்ஸ மாட்டிக்கிட்டேன். பகலெல்லாம் இந்தக் கிடங்குலயே கிடக்கறாரு. சோறு ஆறினாலும் வர்றதில்ல. உள்ள யாரு இருக்கான்னு பாக்கப் போனேன்."

"யாரு இருந்தா?"

அண்ணி அண்ணனை ஒருமுறை பார்த்தார். "யாருமில்ல சார். ஒரு கட்டில் கிடந்துச்சு. தூங்குவாரு போல."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காவக்காரனுக்கே காவலா! பொண்டாட்டியால பொழச்சய்யா. அந்தக் கட்டில முதல்ல வெளிய தூக்கிப் போடு."

வீடு தப்பியது. உள்ளே வந்ததும் அண்ணி சமையல் மேடை மேல் ஒரு சீப்பை வைத்தார்.

"இது கட்டில் மேல இருந்துச்சு. அந்த ஆளு முன்னாடி சொல்லியிருந்தா நாம தெருவுல நிக்கணும்."

அண்ணனுக்கு வழுக்கை விழுந்து பல வருடமாயிற்று. அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

"மீசைக்கு," என்றார்.

"இவ்வளவு பெரிய சீப்பா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அன்று பொழுது சாய்ந்து அண்ணன் கிளம்பியபோது, எங்கள் வீட்டு வாசலில் புது மணல் கொட்டிக் கிடந்தது. அண்ணி துடைப்பத்தால் அதைச் சமன் செய்துகொண்டிருந்தார்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றார் நிமிராமலே. "நான் காலைல பாத்துக்கறேன்."