அப்பா சொன்ன இரண்டாம் பாகம்

போன தீபாவளிக்கு இலங்கையில் லுணுகலைப் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு, பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. அப்பாவைச் சந்தோஷப்படுத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பி, அவர் மானத்தையே வாங்கப் பார்த்தேன்.

அப்பா தோட்டத்துத் தொரையின் பங்களாக் குசினியில் சமையல் வேலை செய்தவர். அதனால் அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, திருவிழா முடிந்த மறுநாள் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். வருஷா வருஷம் அதே ஆங்கிலப் படம்தான். இரண்டு பொலிஸ்காரர்கள் காரில் துரத்தி, சுட்டு, வாய்ச்சண்டை போட்டுச் சிரிக்கவைக்கும் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகக் கெசட் கடைக்காரரிடம் இல்லை. அதனால் என்ன, டீவிக்குப் பக்கத்தில் நின்று படத்தைத் தமிழில் சொல்லும் அப்பா அதையும் சேர்த்தே சொல்லுவார். அந்த இருவரும் திருவிழாக் கூட்டத்தில் பிரிந்துபோன அண்ணன் தம்பியாம். கடைசியில் எரியும் கட்டடத்துக்கு முன்னால் நின்று தம்பி, "அம்மா ஒன்னையத் தேடிக்கிட்டேதான்டா கண்ண மூடுச்சு" என்பான். லயமே அழும்.

அந்தப் படம் தமிழ்க் குரலோடு இணையத்தில் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கணவரின் போனை டீவியோடு இணைத்து, பக்கத்து வீட்டு அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு படத்தைப் போட்டுவிட்டேனா? அதே கார், அதே மீசை, அதே வெடி. ஆனால் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. வாயைத் திறந்தாலே பெண்களைப் பற்றிய அசிங்கமான நையாண்டிதான். அந்த அழுகைக் காட்சி வந்தது. தம்பியின் கண் கலங்கியது புகையால். அவன் பேசியது ஹோட்டலில் பார்த்த பெண்ணின் இடுப்பைப் பற்றி. என் கணவர் குனிந்து சிரிப்பை அடக்கினார். அப்பாவின் இங்கிலீஷைப் பற்றி அவரிடம் நான் அளந்திருந்தது கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. படத்தை நிறுத்தவும் கை வரவில்லை.

முடிந்ததும் அத்தைதான் முதலில் பேசினார். "தமிழ்ல போடுறேன்னு கதையவே கெடுத்துப்புட்டானுங்க. அண்ணே நீங்க அப்ப சொன்ன கதைதான் சரி."

தேத்தண்ணி ஊற்ற அடுப்படிக்குப் போன அப்பாவின் பின்னாலேயே போனேன். "அப்பா, அன்னிக்கு அவங்க பேசினது ஒங்களுக்கு வெளங்குச்சா?"

"முன்னாடி பொம்பளப் புள்ளைங்கதானே ஒக்காந்திருந்தீங்க" என்று சொல்லிவிட்டு, சீனிப் போத்தலை என் கையில் கொடுத்தார்.

அவருக்கு இங்கிலீஷ் விளங்காமல்தான் கதை கட்டினாரா, நன்றாகவே விளங்கியதால்தான் மாற்றிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். ஆனால் அன்றைக்குப் படம் ஓடும்போது தூங்கிப்போயிருந்த என் மகள் அது என்ன கதை என்று கேட்டபோது, அந்த இரண்டு பொலிஸ்காரர்களும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்றுதான் நானும் சொன்னேன்.