தீராத தாகம்

ஜெயகணேஷ் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது வயது, ஒல்லியான உடம்பு. அந்தக் கோடையில் அவருக்குத் தீராத தாகம் எடுத்தது. கண்ணை மூடினால், கடல் முழுக்க நல்ல தண்ணீராகி, குனிந்து குடித்துக்கொண்டே இருப்பதுபோல் கனவு வந்தது.

பக்கத்துத் தெரு டாக்டர் சர்க்கரை என்று மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொன்னார். ஜெயகணேஷ் சோற்றையே விட்டார். சர்க்கரை இறங்கவில்லை, உடம்புதான் இளைத்தது. பார்வை மங்கி, கப்பல்கள் தண்ணீரைத் தொடாமல் மிதப்பதுபோல் தெரிந்தபோது விடுப்பு எடுத்தார்.

"ஒளிச்சு வச்சு எதும் திங்கியளா?" என்று மனைவி அனுசியா கேட்டாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவளுக்குக் கண் நிறைந்தது.

"அப்ப வேற டாக்டர்ட்ட காட்டுவோம்" என்றாள்.

பாளையங்கோட்டையில் சர்க்கரை நோய் நிபுணரான ஒரு அம்மா வெகுநேரம் விசாரித்து, புதிய ரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். முடிவு வந்ததும் மறுபடி வரச்சொல்லி விளக்கினார்.

"உங்க உடம்புல இன்சுலின் ஊறுறதே ரொம்பக் குறைஞ்சிட்டு. இது சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற வேற வகை, பெரியவங்களுக்கும் வரும். ஊசிதான் போடணும். நீங்க சாப்பிட்டதால வந்ததில்ல."

"அப்ப சோறு திங்கலாமா?"

"அளவா, ஊசியோட."

ஊசி போடக் கற்றுக்கொண்டு பஸ் ஏறினார்கள். வல்லநாட்டு மலையருகே தூறல் விழுந்தது. தன்மேல் குற்றமில்லை என்பது ஜெயகணேஷுக்குள் மெதுவாக இறங்கியது. அனுசியாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஊர் வரும்வரை அவள் அசையவில்லை.